முகத்துக்கு நுரை போட வளைக்கரடி எதற்கு?

பிரெஞ்சு மொழியில் 'பிளேரோ' என்று ஒரு சொல் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் முதல் பொருள் ஒரு விலங்கு. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட முகம், குட்டைக் கால், மண்ணைத் தோண்டி வளைக்குள் குடித்தனம் நடத்தும் சாதுவான ஜீவன். ஆங்கிலத்தில் பேட்ஜர், தமிழில் வளைக்கரடி. இரண்டாவது பொருள் சவரத்துக்கு நுரை போடும் பிரஷ். மூன்றாவது, கொச்சைப் பேச்சில், உலகம் தெரியாத அசடு. விலங்குக்கும், அதன் முடியில் செய்த பொருளுக்கும், அதைக் காசு கொட்டி வாங்குகிறவருக்கும் ஒரே பெயரை வைத்த மொழி வேறு எங்காவது உண்டா தெரியவில்லை :-)

இந்தச் சொல்லைக் கேட்டவுடன் புரிந்துகொள்ளும் தமிழர்கள் அதிகம் உள்ள ஊர் புதுச்சேரிதான். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பிய சொல்தாக்களும் அவர்கள் பிள்ளைகளும் இங்கே இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பேட்ஜர் பிரஷ்ஷுக்கு இப்போது கொடி பிடிப்பவர்கள் அந்தத் தாத்தாக்கள் இல்லை. அரும்பு மீசை முளைத்து நாலு வருஷம்கூட ஆகாத கல்லூரிப் பையன்களும், முதல் சம்பளம் வாங்கிய கையோடு இணையத்தில் 'பாரம்பரிய ஈரச் சவரம்' படிக்க உட்காரும் ஐ.டி. அண்ணன்களும்தான். 'இயற்கையானது, பாரம்பரியமானது, பேட்ஜர் முடி போலத் தண்ணீர் பிடிக்க எதனாலும் முடியாது' என்பது அவர்களின் மந்திரம். மூன்றுமே தப்பு.

முதலில் அவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். டப்பாவை அழுத்தினால் புஸ்ஸென்று வரும் நுரையைவிட, பிரஷ்ஷில் குழைத்த நுரை நல்லதுதான். பிரஷ் முடியைத் தூக்கி நிறுத்தும், செத்த தோலை உரசி எடுக்கும், சோப்பையும் தண்ணீரையும் சரியாகக் கலக்கும். நாலு பிளேடு, அஞ்சு பிளேடு என்று அடுக்கிய தலைகளுக்கு மாதாமாதம் நூற்றுக்கணக்கில் அழுவதைவிட, இரட்டை முனை பிளேடு ஒன்றைப் பழைய ரேசரில் மாட்டுவது எவ்வளவோ மலிவு. ஆகவே சண்டை பிரஷ்ஷோடு இல்லை, அதன் முடியோடு.

அந்த முடி எங்கிருந்து வருகிறது? பிரிட்டனில் பேட்ஜரைத் துன்புறுத்துவது 1992-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி குற்றம். ஐரோப்பாவில் வேறு பல நாடுகளிலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. அதனால் லண்டன் பெயரும் பாரீஸ் பெயரும் பொறித்த பிரஷ்களில்கூட முடி பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது. 2018-ல் பீட்டா அமைப்பின் ஆசியக் கிளை அங்கே எடுத்த படங்களை வெளியிட்டது. சின்னக் கம்பிக் கூண்டு, அதற்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும் விலங்கு, கடைசியில் தலையில் ஒரு அடி. பீட்டா என்றதும் ஜல்லிக்கட்டு ஞாபகம் வந்து பலருக்கு முகம் சுளிக்கும். 2017-ல் மெரினாவில் நின்ற தலைமுறைக்கு அந்தப் பெயர்மேல் கோபம் இருப்பது இயல்பு. ஆனால் சொன்னவரைப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கூண்டு இல்லாமல் போய்விடாது. அந்தப் படங்களுக்குப் பிறகு பல நிறுவனங்கள் பேட்ஜர் முடியைக் கைவிட்டன.

'அங்கே அதைச் சாப்பிடுகிறார்கள், முடி சும்மா கிடைக்கும் மிச்சம்தானே' என்று ஒரு பதில் வரும். சும்மா கிடைக்கிற மிச்சத்துக்கு ஏன் தரம் பிரித்து நாலு விலை? 'ப்யூர்', 'பெஸ்ட்', 'சூப்பர்', 'சில்வர்டிப்' என்று ஏணி கட்டி வைத்திருக்கிறார்கள். இதில் பெரிய கூத்து, ப்யூர் என்றால் இருப்பதிலேயே அடிமட்டம். பெஸ்ட்டுக்கு மேலே இன்னும் ரெண்டு படி. இந்தப் பெயர்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோலும் கிடையாது. ஒரு கம்பெனியின் சூப்பர் இன்னொரு கம்பெனியின் பெஸ்ட். நுனி வெளுத்த மெல்லிய முடிக்குத்தான் சில்வர்டிப் விலை, பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியும் போகும். இத்தனை விலை கிடைக்கும் ஒன்றை மிச்சம் என்று சொல்ல வியாபாரியே ஒத்துக்கொள்ள மாட்டார்.

இது ஏதோ சீனக்காரர் பாவம், நமக்கென்ன என்றும் இருந்துவிட முடியாது. இதே கதையை நம் நாட்டுக் கீரிப்பிள்ளையிடம் கேட்கலாம். ஓவியப் பிரஷ்ஷுக்குக் கீரி முடி உசத்தி என்று வரைபவர்களிடம் ஒரு நம்பிக்கை. நிறத்தைப் பிடித்துக்கொள்ளும், நுனி கூர்மையாக நிற்கும், கலைஞனின் கைக்கு இதம். வசனம் அச்சு அசல் பேட்ஜர் வசனம். கீரியைப் பிடிப்பதும் அதன் முடியை விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருந்தும் உத்தரப் பிரதேசத்தின் ஷேர்கோட் போன்ற பிரஷ் ஊர்களுக்கு மூட்டை மூட்டையாக முடி போனது. ஒரு கிலோ முடிக்குச் சுமார் ஐம்பது கீரி சாக வேண்டும் என்பது வனவிலங்கு ஆர்வலர்கள் சொல்லும் கணக்கு. 2019-ல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலங்களில் ஒரே நாளில் புகுந்து ஆயிரக்கணக்கான பிரஷ்களை அள்ளியது. இதையெல்லாம் படித்துவிட்டு 'அடப்பாவிகளா, கீரியைப் போயா' என்று உச்சுக் கொட்டும் அதே ஆள், மறுநாள் காலை சில்வர்டிப்பை முகத்தில் தேய்த்தால் என்ன அர்த்தம்? கீரி நம் கொல்லையில் ஓடுகிறது, வளைக்கரடி ஓடவில்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. வளைக்கரடியின் தூரத்துச் சொந்தமான தேன்வளைக்கரடி இந்தியாவில் அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இங்கே அதன் ஒரு முடியைப் பிடுங்கினாலும் ஜெயில்!

அடுத்தது தண்ணீர் பிடிக்கும் கதை. முடி என்பது கெரட்டின். பேட்ஜர் முடியானாலும் பன்றி முடியானாலும் மனுஷன் தலைமுடியானாலும் அதேதான். ஈரத்தை உறிஞ்சும் குணம் எல்லாவற்றுக்கும் உண்டு. பிரஷ் தண்ணீர் பிடிப்பது முடிக்குள் மட்டும் இல்லை, பெரும்பாலும் முடிக்கும் முடிக்கும் நடுவில் இருக்கும் சந்தில். திரி எண்ணெயை இழுக்கிற அதே நுண்துளை வேலை. நெருக்கமாகக் கட்டிய, நுனி மெலிந்த எந்த இழையும் இதைச் செய்யும். பழைய நைலான் பிரஷ்கள் துடைப்பம் மாதிரி இருந்தது உண்மை. அந்தக் கெட்ட பெயரை வைத்தே பேட்ஜர்க்காரர்கள் இன்னும் ஓட்டுகிறார்கள். ஆனால் இப்போது வரும் செயற்கை இழைகள் வேறு ரகம். நுனியை மயிரிழையாக மெலிய வைத்து, முகப்பூச்சு பிரஷ்களில் பழகிய தொழில்நுட்பத்தைச் சவரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாரீஸில் 1808-ல் தொடங்கிய ப்ளிசோன் என்ற பழம்பெரும் பிளேரோ கம்பெனியே செயற்கை இழைப் பிரஷ் விற்று, உலகம் முழுக்க சவரப் பிரியர்களிடம் பேர் வாங்கியது. (1808-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது என்பது கொசுறுச் செய்தி.) இருநூறு வருஷ அனுபவம் உள்ள பிரெஞ்சுக்காரனே இறங்கி வந்த பிறகு, முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு 'இயற்கைக்கு ஈடாகுமா' என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

சொல்லப் போனால் இந்த ஊர் வானிலைக்கு விலங்கு முடி பொருந்தவே பொருந்தாது. கடலோரப் புழுக்கம். ஐப்பசி கார்த்திகையில் கயிற்றில் போட்ட ஜட்டியே மூன்று நாள் காய்வதில்லை, நெருக்கமாகக் கட்டிய முடிக் கொத்து எப்படிக் காயும்? அடிப்பாகத்தில் ஈரம் தேங்கும், வாடை வரும், பூஞ்சணம் பிடிக்கும், பிறகு கொத்துக் கொத்தாக முடி உதிரும். புது பேட்ஜர் பிரஷ்ஷை முதலில் நனைத்தால் நனைந்த நாய் வாசம் வரும் என்பதை அதன் ரசிகர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு 'பழக்கப்படுத்தும் காலம்' என்று கௌரவமாக ஒரு பெயர் வேறு. செயற்கை இழை தண்ணீரை உள்ளே குடிப்பதில்லை. ரெண்டு உதறு உதறினால் முக்கால்வாசி காய்ந்துவிடும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. பாரதி பூங்காவின் நடுவில் நிற்கிற ஆயி மண்டபம் எதற்குக் கட்டியது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நகரத்துக்கு நல்ல தண்ணீர் கிடையாது என்பதால் முத்திரப்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்ததற்கு நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயியின் பெயர் அதற்கு வந்தது. கடலோர நிலத்தடி நீரின் உப்பு இன்றைக்கும் தீராத தலைவலிதான். உப்பும் சுண்ணாம்பும் உள்ள போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்துதான் போகும். அப்படித் திரிந்த படலம் விலங்கு முடியின் செதில்களில் ஒட்டிக்கொண்டு பிரஷ்ஷைக் கட்டையாக்கும். ஆகையால் பத்தாயிரம் கொடுத்து பிரஷ் வாங்குவதைவிட, சவரத்துக்கு ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்வது நுரைக்குப் பல மடங்கு நல்லது. இதை எந்த விளம்பரமும் சொல்லாது. டம்ளர் தண்ணீரில் யாருக்கு லாபம்?

ஒரு டம்ளர் என்பதை இளப்பமாக நினைக்க வேண்டாம். ஜில்லெட் கம்பெனி 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் செய்து, அதை அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பரிசோதித்தது. பையன்கள் ஆஹா ஓஹோ என்றார்கள். இங்கே கொண்டுவந்தால் படுதோல்வி. அமெரிக்காவில் குழாயைத் திறந்துவைத்து ரேசரைக் கழுவுவார்கள். இங்கே பல வீடுகளில் ஒரு கிண்ணம் தண்ணீரில் முழுச் சவரமும் முடியும், அந்தத் தண்ணீரில் ரேசர் அடைத்துக்கொண்டது. பிறகு வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 2010-ல் 15 ரூபாய்க்கு கார்ட் ரேசரை இறக்கினார்கள். கிண்ணத் தண்ணீரும் கைக் கண்ணாடியும்தான் நம்மூர் ஈரச் சவரம். சில்வர்டிப்பைத் தொங்கவிடும் குரோம் ஸ்டாண்டு அல்ல.

இங்கேதான் 'பாரம்பரியம்' என்ற சொல் மூக்கைக் கிளப்புகிறது. யாருடைய பாரம்பரியம்? சவரப் பிரஷ் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மேட்டுக்குடி சமாச்சாரம். தமிழ்நாட்டில் கத்தியும் தண்ணீரும் விரலும்தான் இருந்தன. அந்த விரல் யாருடையது என்பதை மறந்துவிட்டுப் பாரம்பரியம் பேசக் கூடாது. வீட்டு வாசல் வழியாக வர அனுமதி இல்லாமல், கொல்லைப்புறமாக வந்து, குந்தி உட்கார்ந்து சவரம் செய்துவிட்டுத் தானியக் கூலி வாங்கிப் போன மருத்துவர் சமூகத்தாருடையது. சவரம் முடிந்ததும் 'தீட்டு' என்று குளித்தார்கள் முகத்தைக் கொடுத்தவர்கள். அந்தப் பாரம்பரியத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. தலித் மக்களுக்கு முடி வெட்ட மாட்டோம் என்ற சலூன்களின் செய்தி தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இந்த நூற்றாண்டிலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 1904-ல் காப்புரிமை பெற்ற பாதுகாப்பு ரேசர், யாரும் யாரிடமும் குனியாமல் தன் முகத்தைத் தானே வழித்துக்கொள்ள வழி செய்தது. பாரம்பரியத்தைவிட அந்த மாற்றம்தான் கொண்டாட வேண்டியது.

பேட்ஜர் புகழ் பாடுபவர்கள் சொல்லாத சரித்திரம் ஒன்றும் இருக்கிறது. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும் என்பதால் சிப்பாய்கள் தினமும் சவரம் செய்ய வேண்டியிருந்தது. போரினால் பேட்ஜர் முடி வரத்து நின்றது. வியாபாரிகள் ஆசியாவிலிருந்து குதிரை முடியை வாங்கி, பேட்ஜர் மாதிரித் தெரியும்படி சாயம் ஏற்றி, சரியாகக் கிருமி நீக்காமல் பிரஷ் கட்டி விற்றார்கள். சவரக் கீறல் வழியாக ஆந்த்ராக்ஸ் ஏறியது. 1915 முதல் 1924 வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிப்பாய்கள், பொதுமக்கள் என்று பலர் நோய்ப்பட்டார்கள், பலர் செத்தும் போனார்கள். தோட்டா இல்லாமல், போலி பேட்ஜர் பிரஷ்ஷால் சாவு! இன்றைய பிரஷ்ஷில் ஆந்த்ராக்ஸ் இருக்கிறது என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, இப்போது முடியைச் சுத்திகரித்துத்தான் கட்டுகிறார்கள். ஆனால் மேட்டிமைப் பொருளுக்கு மோகம் ஏறினால் போலியும் கூடவே ஏறும். விரலால் தடவிப் பார்த்து இது பேட்ஜரா, சாயம் போட்ட பன்றியா என்று சொல்லக்கூடியவர் இந்த ஊரில் எத்தனை பேர்?

பன்றி என்றதும் நினைவுக்கு வருவது நம் சலூன் பிரஷ். மலிவான பிரஷ்களில் கணிசமானவை பன்றி முடி. பாக்கெட்டில் 'பிரிஸ்டில்' என்று நாசூக்காகப் போட்டிருக்கும். தமிழில் எழுதினால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். பிஸ்கெட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி தேடும் சுத்த சைவ வீட்டிலும், பன்றியைத் தொடாத முஸ்லிம் வீட்டிலும் அது சத்தமில்லாமல் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. என்ன முடி என்று வெளிப்படையாக எழுத வேண்டும் என்று கேட்பதில் ஒன்றும் தப்பில்லை.

ஆனால் உண்மையான ஆபத்து பன்றியும் இல்லை, பேட்ஜரும் இல்லை. ஒரே பிரஷ் இருபது முகம். 1986-ல் சென்னையில் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு வந்த எய்ட்ஸ் பிரசாரம் சலூன்களைத் தலைகீழாக மாற்றியது. தோல்வாரில் தீட்டிய கத்தி போய், பாதி பிளேடு செருகும் கத்தி வந்தது. இன்று நெல்லித்தோப்பிலோ லாஸ்பேட்டையிலோ எந்தச் சலூனில் உட்கார்ந்தாலும், 'அண்ணே, புது பிளேடு' என்று வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்பே அவர் கண்ணெதிரில் உறையைக் கிழித்துக் காட்டுவார்கள். நல்ல விஷயம். ஆனால் அதற்கு ஒரு நிமிஷம் முன்பு முகத்தில் சுழன்ற பிரஷ்? அது முந்தின ஆளின் முகப்பரு, படை, கீறல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான் அதற்குக் குளியல். 2020-ல் கொரோனா வந்தபோது தூக்கிப்போடும் ஏப்ரன் எல்லாம் வந்தது, பிறகு போயும் விட்டது. பிரஷ் மட்டும் அசையவில்லை. தாடிப் படையும் சீழ்க்கொப்புளமும் கேட்பதற்கு எய்ட்ஸ் மாதிரிப் பயங்கரமாக இல்லை என்பதால் யாரும் பிரசாரம் செய்யவில்லை.

இதற்குச் சலூன்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. சவரத்துக்கு அவர் வாங்கும் காசில் பிளேடு, சோப்பு, வாடகை, கரண்ட் எல்லாம் போக நிற்பது கொஞ்சம். ஆளுக்கு ஒரு பிரஷ் வைக்க முடியாது. ஆனால் மூன்று செயற்கை இழைப் பிரஷ் வைத்துக்கொண்டு, ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்ற ரெண்டும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் கிருமிநாசினியில் ஊறலாம். செயற்கை இழை அதைத் தாங்கும். விலங்கு முடியை தினமும் பத்துத் தடவை அப்படி ஊறப்போட்டால் சீக்கிரம் செத்துவிடும், பேட்ஜர் என்றால் இன்னும் சீக்கிரம். அதுவும் முடியாதென்றால் கையால் நுரை போடச் சொல்லலாம், கையைக் கழுவுவது சுலபம். இல்லாவிட்டால் மாதக் கணக்கு வைத்திருப்பவர் தன் பிரஷ்ஷைப் பையில் போட்டு எடுத்துப் போகலாம். ஹெல்மெட் கொண்டுபோகிற ஊரில் பிரஷ் ஒரு சுமையா?

இனி வீட்டுக்கு வாங்குபவருக்கு. கொத்தின் அடி 22 முதல் 24 மில்லிமீட்டர் இருந்தால் போதும், அதற்குமேல் பெரிதானால் நுரை மூக்குக்குள் போகும். நுனியைக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும், குத்தினால் வேண்டாம். செயற்கை இழையை ஊறவைக்கத் தேவையில்லை, நனைத்து நன்றாக உதறினால் போதும். புதிதாக வாங்குபவர்கள் செய்யும் ஒரே தப்பு தண்ணீரை அதிகம் விடுவதுதான். அது உள்ளே குடிக்காது என்பதால் எல்லாம் தாடை வழியாகச் சட்டைக்குள் ஓடும். கிரீம் என்றால் புளியங்கொட்டை அளவு. கிண்ணத்திலோ முகத்திலோ ஒரு நிமிஷம் சுழற்றி, துளித் துளியாகத் தண்ணீர் சேர்த்து, நுரை தயிர் பதத்துக்கு வந்ததும் சுழற்றுவதை நிறுத்தி, சுவருக்கு வெள்ளை அடிப்பதுபோல மேலும் கீழும் இழுக்க வேண்டும். பிரஷ்ஷை அடிவரை நசுக்கக் கூடாது, வேலை செய்வது நுனிதான். முதல் தடவை முடி வளரும் திசையில் வழிக்க வேண்டும். எதிர்த் திசையில் வழிப்பது எல்லா முகத்துக்கும் ஒத்துவராது, சுருட்டை முடிக்காரர்களுக்கு உள்ளே வளர்ந்து கட்டி வரும். கடைசியில் ஒரு படிகாரக்கல் போதும்.

முடிந்ததும் பிரஷ்ஷை நன்றாகக் கழுவி, உதறி, காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கவிட்டால்தான் ஆயுள் என்பது ஸ்டாண்டு விற்பவர் கிளப்பிய கதை. உதறிய பிறகு மிஞ்சும் ஈரம் காற்றில்தான் காய்கிறது, கீழே சொட்டிப் போவதில்லை. குளியலறை அலமாரிக்குள் பூட்டாமல் ஜன்னல் கட்டையில் நிறுத்தினால் போதும்.

இப்படி வாங்கும் பிரஷ் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதையும் 'செயற்கை பிளேரோ' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.